சித்திரத்துக்கு உயிரூட்டிய இராம் மோகன்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சித்திரப் படங்களைப் பற்றிப் பேச இரயில்வே குமாஸ்தா ஒருவரை அழைப்பானேன் என்று சிலர் எண்ணக்கூடும். தண்டவாளம் ஒரு முழம்கூட இல்லாத இத்தீவில் அமர்ந்து நாள்தோறும் இரயில் சீட்டு வழங்கி வருகிறோம் யாம். ஆகவே, கண்முன் இல்லாத ஒன்றை இருப்பதாக நம்பச் செய்யும் கலையில் எமக்கும் சிறிது உறவு உண்டு என்று கொள்ளுங்கள்.

இன்று யாம் பேச எடுத்துக்கொண்டது இராம் மோகன் என்னும் கலைஞரின் வாழ்க்கை. இந்தியச் சித்திரப் படக் கலையின் தந்தை என்று அன்னாரைக் கூறுவர். கேரளத்துச் செங்கன்னூரில் 1931-ஆம் ஆண்டு பிறந்தவர். நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்று பட்டம் பெற்றார். மேற்பட்டப் படிப்பும் தொடங்கினார். அதனை முடித்திருந்தால் ஏதேனும் ஒரு கல்லூரியில் பேராசிரியராகி, நல்ல ஓய்வூதியமும் பெற்றிருப்பார். அன்னாரைப் பற்றி இன்று இங்கே பேச்சும் இராது. 1956-இல் அப்படிப்பை நடுவே விட்டுவிட்டு, பம்பாயில் மத்திய அரசின் திரைப்படப் பிரிவு தொடங்கியிருந்த கார்ட்டூன் பகுதியில் சேர்ந்தார். பிள்ளை படம் வரையப் போகிறேன் என்றால் இன்றைக்கும் நம் வீடுகளில் அடுப்பு எரியாது. அந்நாளில் அவ்வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதைத் தாய்மார்கள் எளிதில் ஊகிப்பார்கள்.

அங்கு அன்னாருக்கு ஆசானாக வாய்த்தவர் கிளேர் வீக்ஸ் என்னும் அமெரிக்கர். வால்ட் டிஸ்னியின் கூடத்தில் பணியாற்றியவர். இந்திய நாட்டிற் பிறந்தவர் என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது. அவரது வழிகாட்டுதலில் 1957-இல் உருவான படம் 'ஆலமரத்து மான்'. புத்தர்பிரானின் முற்பிறப்புக் கதையொன்றை அசந்தா ஓவியங்களின் சாயலில் வரைந்தார்கள்.

இக்கலையின் உழைப்பு எத்தகையது என்பதைக் குழந்தைகள் அறிய வேண்டும். திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. பத்து நிமிடப் படத்திற்குக் கணக்கிட்டால் 14,400. ஒரே சித்திரத்தை இரண்டிரண்டு முறை படம்பிடித்தாலும் ஏழாயிரத்துக்கு மேல் வரைந்தாக வேண்டும். மான் ஓர் அடி எடுத்து வைக்க அதன் காலை ஒரு நூலளவு நகர்த்தி நகர்த்தித் தாள்தோறும் வரைவார்கள். பின்பு கண்ணாடி போன்ற தகட்டில் அதனைப் படியெடுத்து வண்ணம் தீட்டி, காடும் மலையும் தீட்டிய பின்னணியின்மேல் வைத்து, ஒவ்வொன்றாகப் படம்பிடிப்பார்கள். கணிப்பொறி வருமுன் எல்லாம் கைவேலைதான். பேரேடு எழுதியவர்களுக்கு இப்பொறுமையின் அருமை தெரியும்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின், 1968-இல், அன்னார் அரசாங்க வேலையை விட்டு வெளியேறினார். அரசுப் பணியாளர் நிறைந்த இச்சபையில் இவ்வாக்கியத்தை மெல்லச் சொல்கிறோம். பிரசாத் புரொடக்ஷன்ஸ் நிறுவனத்தின் சித்திரப் பிரிவுக்குத் தலைமை ஏற்று, 1972-இல் தமக்கென ஒரு நிறுவனமும் கண்டார். 'யூ செட் இட்', 'ஃபயர் கேம்ஸ்' ஆகிய படங்கள் தேசிய விருது பெற்றன. பிறர் எடுத்த படங்களுக்கும் சித்திரப் பகுதிகள் அமைத்துக் கொடுத்தார். சத்யஜித் ராயின் 'சதுரங்க ஆட்டக்காரர்'களில் அன்னாரது கைவண்ணம் உண்டு. மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்' படத்திலும் உண்டு. அப்படத்தின் நாயகர் கண்டிப்பு மிகுந்த ஓர் இரயில்வே அதிகாரி. அவ்வகை அதிகாரிகளை யாம் படத்தில்தான் கண்டிருக்கிறோம் என்று இவ்விடத்தில் சொல்லிவைப்பது எமக்கு நலம்.

அடுத்து இராமாயணம். யூகோ சாக்கோ என்னும் சப்பானியர், அலகாபாத்துக்கு அருகே பி. பி. லால் நடத்திய அகழாய்வைப் பற்றி 1983-இல் விவரணப் படம் எடுக்க முனைந்தபோது இராமகதையை அறிந்தார். அதில் உள்ளம் பறிகொடுத்துச் சப்பானிய மொழியில் கிடைத்த இராமாயணங்களைத் தேடித் தேடிப் படித்தார். தெய்வமாகப் போற்றப்படுபவரை நடிகர் உருவில் காட்டுவதினும் சித்திரத்தில் காட்டுவதே தக்கது என்பது அவர் கருத்து. இராமபிரானைக் கேலிச் சித்திரமாக்குவதா என்று இங்கே எதிர்ப்பு எழுந்தது. அரசின் கூட்டுறவும் கிட்டவில்லை. எனவே பெரும்பகுதி வேலை சப்பானில் நடந்தது. ஏறத்தாழ 450 கலைஞர்கள் உழைத்தனர். திரைக்கதையில் பங்குகொண்டும், சாக்கோவுடனும் கோயிச்சி சசாகியுடனும் சேர்ந்து இயக்கியும் இராம் மோகன் அதனை நிறைவேற்றினார். வேட்டி கட்டும் முறை, பெரியோர் அடிபணிந்து பிள்ளைகள் வாழ்த்துப் பெறும் முறை ஆகியவற்றைச் சப்பானியருக்கு நம்மவர்கள் கற்பித்தார்கள். 1992-இல் முடிவுற்ற அப்படம் 2025 சனவரி 24-ஆம் நாள் புதுப்பொலிவுடன் தமிழிலும் திரையரங்குகளுக்கு வந்தது. அதற்குள் இயக்குநர்களில் இருவர், சாக்கோவும் இராம் மோகனும், மறைந்துவிட்டனர்.

இத்தனை இருந்தும், அன்னாரது படைப்புகளில் எமக்கு உகந்தது மீனா என்னும் சிறுமியே. 1990-களின் தொடக்கத்தில், ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமாகிய யூனிசெஃப், இந்தியா, வங்காளதேசம், பாகிஸ்தான், நேபாளம் ஆகிய நாடுகளின் பெண் குழந்தைகளுக்காக ஒரு சித்திரத் தொடர் வேண்டுமென விரும்பியது. எந்நாட்டாரும் எம்மதத்தாரும் நம் வீட்டுப் பெண் என்று ஏற்கும் முகம், உடை, பெயர் வேண்டும். அவ்வுருவை வரைந்தவர் இராம் மோகன். தம்பி ராஜு, மிட்டு என்னும் கிளி, ஒரு சிற்றூர். இவ்வளவுதான் மீனாவின் உலகம்.

ஒரு கதையில், வீட்டில் மாம்பழம் பங்கிடப்படும்போது பெரிய பங்கு ராஜுவுக்குப் போகிறது. ஏனென்று மீனா கேட்கிறாள். ஒரு நாள் அவள் வேலையை அவனும் அவன் வேலையை அவளும் மாற்றிக்கொள்கிறார்கள். பொழுது சாய்வதற்குள் ராஜு துவண்டு போகிறான். இன்னொரு கதையில், பள்ளிக்கு அனுப்பப்படாத மீனா தன் கிளியை வகுப்பறைக்கு அனுப்புகிறாள். அது இரண்டாம் வாய்பாட்டைக் கற்றுவந்து ஒப்பிக்கிறது. அதைக்கொண்டு வீட்டுக் கோழிகளை எண்ணுகிறாள்; ஒன்று குறைகிறது; திருடன் பிடிபடுகிறான். சொற்பொழிவு என்று அதில் ஒன்றுமே இல்லை. கோழிக் கணக்கு சரியாக வந்ததும் தகப்பனார் வாயடைத்து நிற்கிறார். எம்மைப்போல் மேடையேறிப் பேசுவோர் ஒரு மணி நேரத்திலும் சாதிக்காதது அது.

முன்பதிவுப் படிவத்தில் பெயர், ஆணா பெண்ணா, வயது என்று மூன்று கட்டங்கள் உண்டு. கல்லூரி சேரும் பருவத்தில் சென்னை இறங்கிக் கோவைக்கும் மதுரைக்கும் திருச்சிக்கும் போகப் படிவங்கள் வரும். அவற்றில் 'ஆண், 18' என்பதை எத்தனை முறை காண்கிறோமோ அத்தனை முறை 'பெண், 18' என்பதைக் காண்பதில்லை. யாம் கணக்கெடுத்துச் சொல்லவில்லை. கண்ணிற் படுவதைச் சொல்கிறோம். ஒருமுறை மகளுக்கு எடுத்த சீட்டைத் தந்தையார் ஒருவர் மூன்றாம் நாளே இரத்துச் செய்ய வந்தார். பெரியவனுக்கு இவ்வாண்டு கட்டணம் கட்ட வேண்டும். அவள் இங்கேயே ஏதாவது படிக்கட்டும் என்றார். விதிப்படி பிடித்தம் போக மீதியை எண்ணிக் கொடுத்தோம். கூடவே நின்ற அப்பெண் ஒன்றும் பேசவில்லை. நல்ல மனிதர் அவர். கடன்படாமல் குடும்பம் நடத்துபவர். பெரிய பங்கைப் பையனுக்கு வைத்த மீனாவின் வீட்டாரும் நல்லவர்கள்தாம்.

முதுமையிலும் இளைஞர்களுக்கு இக்கலையைக் கற்பித்து வந்த இராம் மோகனுக்கு 2014-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2019 அக்டோபர் 11-ஆம் நாள் மும்பையில் காலமானார். அகவை 88.

சங்கச் செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். படம் காட்டும் கருவி ஆயத்தமாக இருக்கிறது. மாம்பழக் கதையை இப்போது திரையிடப் போகிறோம். கிடைத்தது இந்திப் பதிப்பு. நம் பிள்ளைகளுக்கு அம்மொழி நம்மினும் நன்றாகத் தெரியும். எனவே பெற்றோருக்கும் பாட்டிமாருக்கும் அவர்கள் பக்கத்தில் அமர்ந்து தமிழில் பொருள் சொல்லிக்கொண்டே வரவேண்டும். விளக்கை அணைக்குமுன் பெண் குழந்தைகள் முன்வரிசைக்கு வரலாம்.