சீருடை தேடும் நம் இளைஞர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கும்

(மாரமங்கலத்தில் ஜமாஅத்தார் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

சேர்வராயன் மலைமேல் வாழும் நமக்குப் பிழைப்பு என்றால் காப்பித் தோட்டம், மிளகுக் கொடி, சிறு கடை, வாகனம் ஓட்டுதல் என்ற எல்லைக்குள்ளேயே பெரும்பாலும் நின்றுவிடுகிறது. பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்து, சேலத்துக்கு இறங்கி ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ ஒரு தொழிலைக் கற்று வரும் பிள்ளைகள் அண்மைக் காலமாக ஒரு கேள்வி கேட்கிறார்கள். "பட்டாளத்தில் டெக்னிக்கல் வேலைக்கு மனுப் போடலாமா? ரிசர்வ் படையில் முழுநேர வேலை கிடைக்குமாமே?" என்பது அக்கேள்வி. அரைகுறைச் செய்தியை நம்பி ஒரு பிள்ளையின் நான்கு ஆண்டுகள் வீணாகிவிடக் கூடாது. அறியாமையால் ஒரு நல்ல வாய்ப்பும் நழுவிவிடக் கூடாது. ஆகவே அதைப் பற்றி நாம் அறிந்த உண்மைகளை முறையாக எடுத்துரைக்க விழைகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். மக்கள் 'ரிசர்வ் படை' என்று பேச்சுவழக்கில் சொல்வது பெரும்பாலும் பிராந்திய இராணுவத்தைத்தான். டெரிட்டோரியல் ஆர்மி என்பார்கள். அமெரிக்கா போன்ற நாடுகளில் ரிசர்வ் படைக்குள்ளேயே முழுநேரத் தொழில்நுட்பப் பணியிடங்கள் உண்டு. அவற்றுக்கு ஊதியமும் பதவி உயர்வும் உண்டு. அந்தச் செய்திகளைக் கேட்டுவிட்டு, நம் நாட்டிலும் அப்படியே இருக்கும் என்று எண்ணுவது தவறு. இங்குள்ள ஏற்பாடு வேறு.

பிராந்திய இராணுவம் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. 1949 அக்டோபர் 9 அன்று அன்றைய கவர்னர் ஜெனரல் இராஜாஜி அதனைத் தொடங்கிவைத்தார். 1917இல் சேலம் நகராட்சித் தலைவராகப் பொறுப்பேற்ற அதே இராஜாஜிதான். ஆண்டுதோறும் அக்டோபர் 9 அப்படையின் நாளாகக் கொண்டாடப்படுகிறது. கோயம்புத்தூரில் 110ஆவது காலாட்படைப் பட்டாலியனும், திருச்சிராப்பள்ளியில் 117ஆவது பட்டாலியனும் இப்படையைச் சார்ந்தவை.

இப்படையின் அடிப்படைக் கொள்கையை ஒவ்வொரு பெற்றோரும் மனத்தில் இருத்த வேண்டும். வேறு தொழில் செய்து பிழைப்பவர், நாட்டுக்குத் தேவைப்படும்போது வந்து பணியாற்றுவதற்கான படை இது. இதுவே பிழைப்புக்கான வேலை அன்று. அழைக்கப்பட்டுப் பணியில் இருக்கும் காலத்துக்குப் படைவீரருக்குரிய ஊதியம் உண்டு. விடுவிக்கப்பட்டு வீட்டுக்குத் திரும்பிய காலத்துக்கு ஊதியம் இல்லை. அழைப்புக்குச் சென்று திரும்புபவரை முன்பிருந்த வேலையில் மீண்டும் அமர்த்த வேண்டும் என்று சட்டம் முதலாளிக்குக் கடமை விதித்திருக்கிறது. இருந்த வேலையைக் காப்பதுதான் அச்சட்டத்தின் நோக்கம். அழைப்பு என்பது ஏட்டளவில் நிற்கும் சொல்லும் அன்று. 2025 மே மாதம் எல்லையில் பதற்றம் மூண்டபோது, 32 காலாட்படைப் பட்டாலியன்களில் 14ஐப் பணிக்கு அழைக்க மத்திய அரசு ஆணையிட்டது.

'அப்படியானால் அதில் தொழில்நுட்பப் பிரிவே இல்லையா?' என்று கேட்கலாம். உண்டு. இரயில்வே பொறியாளர் படைப்பிரிவும், எண்ணெய் நிறுவனங்களைச் சார்ந்த பிரிவுகளும் இருக்கின்றன. ஆனால் அவை அந்தந்தத் துறை ஊழியர்களுக்கே உரியவை. இரயில்வேயில் வேலை பார்ப்பவர் இரயில்வே பிரிவில் சேரலாம். வெளியிலிருந்து நேரே மனுப் போட்டு நுழைய இயலாது. மலைவாசிகளாகிய நாம் அறிந்துவைக்கத் தக்க இன்னொரு பிரிவு சுற்றுச்சூழல் பட்டாலியன். சுண்ணாம்புக்கல் வெட்டியதால் மொட்டையாகிப்போன முசூரி மலைகளில் மரம் வளர்ப்பதற்காக 1982இல் 127ஆவது பட்டாலியன் தோற்றுவிக்கப்பட்டது. ஆயினும் இத்தகைய பிரிவுகளுக்குப் பெரும்பாலும் முன்னாள் படைவீரர்களே எடுக்கப்படுகிறார்கள்.

ஆகவே, ஐ.டி.ஐ. முடித்து வேலையின்றி இருக்கும் நம் பிள்ளைக்குப் பிராந்திய இராணுவம் விடையாகாது. ஏற்கெனவே வேலையில் நிலைத்த பட்டதாரிகள் 42 வயதுவரை அதில் அதிகாரி பதவிக்கு முயலலாம், அது சிறப்பு. முழுநேரத் தொழில்நுட்பப் பணியை நாடும் இளைஞனுக்கு இன்று திறந்திருக்கும் வாசல், தரைப்படையின் 'அக்னிவீர் டெக்னிக்கல்' என்பதாகும்.

அக்னிபத் திட்டம் 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்டது. பதினேழரை வயது முதல் 21 வயது வரை என்று அப்போது வரம்பு வகுத்து, அந்த முதலாண்டுக்கு மட்டும் 23 வரை தளர்த்தினார்கள். ஒவ்வோர் ஆண்டின் அறிவிப்பிலும் 'இந்நாள் முதல் இந்நாள் வரை பிறந்தவர்' என்று திட்டமாக அச்சிடப்படும். அந்த வரியை முதலில் படித்தறிக. மணமாகாதவராக இருத்தல் வேண்டும். 18 வயது நிறையாதவருக்குப் பெற்றோர் கையொப்பம் தேவை.

கல்வித் தகுதிக்கு முக்கியமாக இரண்டு வழிகள். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம், ஆங்கிலம் படித்து மொத்தம் 50 விழுக்காடும், ஒவ்வொரு பாடத்திலும் 40 விழுக்காடும் பெற்றிருப்பது ஒன்று. பத்தாம் வகுப்பில் மொத்தம் 50 விழுக்காடும், ஆங்கிலம், கணிதம், அறிவியலில் 40 விழுக்காடும் பெற்று, அதன்மேல் இரண்டாண்டு ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்திருப்பது மற்றொன்று. எல்லாத் தொழிற்பிரிவும் ஏற்கப்படுவதில்லை. எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், மோட்டார் மெக்கானிக், டீசல் மெக்கானிக், எலக்ட்ரானிக் மெக்கானிக், சர்வேயர் போன்றவை பட்டியலில் உள்ளன. ஐ.டி.ஐ.யில் சேரும் நாளிலேயே இப்பட்டியலைப் பார்த்துப் பிரிவைத் தேர்ந்தெடுப்பது அறிவுடைமை. ஐ.டி.ஐ., டிப்ளமோ சான்றுக்கும், என்.சி.சி. சான்றுக்கும் கூடுதல் மதிப்பெண் உண்டு.

இனி ஊதியக் கணக்கு. இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். முதலாண்டு மாதம் 30,000 ரூபாய். கையில் வருவது 21,000. இரண்டாமாண்டு 33,000, கைக்கு 23,100. மூன்றாமாண்டு 36,500, கைக்கு 25,550. நான்காமாண்டு 40,000, கைக்கு 28,000. பிடித்தம் செய்த முப்பது விழுக்காடு நான்காண்டில் ஏறத்தாழ 5 இலட்சத்து 2 ஆயிரம் ஆகிறது. அதே அளவு தொகையை அரசும் சேர்க்கிறது. வட்டியுடன் 11 இலட்சத்து 71 ஆயிரம் 'சேவா நிதி' என்று வருமான வரியின்றிக் கிடைக்கும் என்பது 2022இல் அரசு தந்த கணக்கு. பணிக்காலத்தில் 48 இலட்ச ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு உண்டு. ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடையும் இல்லை.

நான்காண்டு முடிந்ததும் ஓர் அணியில் 25 விழுக்காடு வரையே நிலையான பணிக்கு எடுக்கப்படுவர். நூறு பேர் சென்றால் எழுபத்தைந்து பேர் திரும்பி வருவார்கள் என்பதே இதன் பொருள். மத்திய ஆயுதக் காவல் படைகளிலும், பாதுகாப்பு அமைச்சகத்தின் பணியிடங்களிலும் அவர்களுக்கு 10 விழுக்காடு இடஒதுக்கீடு 2022இல் அறிவிக்கப்பட்டது. 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குச் சென்ற முதல் அணியினருக்கு நான்காண்டு நிறைவது 2026 இறுதியை ஒட்டியே. இத்திட்டத்தின் முழுப் பலன் அதற்குப் பிறகே நம் கண்முன் தெரியும்.

எனவே ஒரு பெற்றோர் தம் பிள்ளையை அனுப்பும்போது, 'அரசு வேலை கிடைத்துவிட்டது, இனிக் கவலையில்லை' என்று எண்ணி அனுப்பலாகாது. நான்காண்டு ஒழுங்கும், எந்திரங்களில் கைப்பழக்கமும், கையில் ஒரு முதலும் கிடைக்கும். அதன்பின் வாழ்க்கையை மறுபடி தொடங்க வேண்டியிருக்கலாம் என்று அறிந்தே அனுப்ப வேண்டும். மாதம் கைக்கு வரும் பணத்தை வீட்டுக் கடனுக்கும் தங்கை திருமணத்துக்கும் முழுமையாகக் கணக்குப் போட்டுவிடாமல், அப்பிள்ளையின் பின்னாளுக்கும் ஒதுக்க வேண்டும். இறுதியில் வரும் தொகை அவனுடைய அடுத்த தொழிலுக்கான முதல். அதை வீட்டார் தொடாதிருப்பது அவனுக்குச் செய்யும் நீதி.

விண்ணப்பிக்கும் முறையைச் சொல்கிறோம். சேலம் மாவட்டம் கோயம்புத்தூர் ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வருகிறது. விண்ணப்பம் தரைப்படையின் அரசு இணையதளத்தில் மட்டுமே. 2023 முதல், முதலில் கணினிவழிப் பொது நுழைவுத் தேர்வு. அதில் தேறியவர்களுக்கே உடற்தகுதித் தேர்வு. 2025 முதல் அத்தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பது நம் பிள்ளைகளுக்குப் பெரும் வசதி. தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். தெரியாததை ஊகித்து எழுத வேண்டாம். உடற்தகுதித் தேர்வில் 1.6 கிலோமீட்டர் ஓட்டம், கம்பியில் உடலைத் தூக்குதல், ஒன்பதடிப் பள்ளம் தாண்டுதல், சமநிலை நடை ஆகியன உண்டு. மலையேறிப் பழகிய கால்கள் நமக்கு இறைவன் தந்த கொடை. ஆனாலும் கடிகாரம் வைத்து ஓடிப் பழகாதவர் அங்கே பின்தங்குவர்.

அடுத்து, நம் சமுதாயத்துக்கே உரிய ஒரு சிக்கல்: பெயர். ஒரே பிள்ளையின் பெயர் பள்ளிச் சான்றில் 'முகமது', ஆதாரில் 'முஹம்மத்', பிறப்புச் சான்றில் 'மொஹமது' என்று ஆங்கில எழுத்தில் மூன்று விதமாக இருக்கிறது. ஓரிடத்தில் முதலெழுத்து மட்டும், ஓரிடத்தில் தகப்பனார் பெயர் முழுமையாக, வேறோரிடத்தில் 'ஷேக்', 'சையத்' என்பது முன்னே சேர்ந்தும் விடுபட்டும் கிடக்கும். படைத்துறையில் இது சிறு பிழையாகக் கருதப்படுவதில்லை. ஓட்டத்தில் முதலாவதாக வந்தவனும் சான்று சரிபார்க்கும் மேசையில் திரும்பி வர நேரிடும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை அடிப்படையாகக் கொண்டு, ஆதார் முதலிய மற்றவற்றை அதற்கு இணங்க இப்போதே திருத்திக்கொள்க. பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பள்ளியில் பெயர்ப்பட்டியல் எடுக்கும்போதே எழுத்துக்கூட்டலைப் பெற்றோர் நேரில் சென்று பார்ப்பது எல்லாவற்றிலும் எளிது. வட்டாட்சியர் தரும் இருப்பிடச் சான்று, நன்னடத்தைச் சான்று, மணமாகாதவர் சான்று ஆகியவற்றையும் முன்கூட்டியே கேட்டு வாங்குக. ஏற்காட்டுக்கு இறங்கி ஏறவே ஒரு நாள் கழியும் ஊர் நம்முடையது.

மார்க்கத்தை ஒட்டி எழும் ஐயங்களையும் மறைக்காமல் பேச வேண்டும். விமானப்படை வீரர் ஒருவர் தாடி வைத்துக்கொள்ள அனுமதி கோரிய வழக்கில், உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் அக்கோரிக்கையை ஏற்கவில்லை. படைக்குரிய சீரான தோற்றம் என்ற விதி அங்கே நிலைநாட்டப்பட்டது. இதை அறிந்த பின்னரே பிள்ளையும் பெற்றோரும் முடிவெடுக்க வேண்டும். சேர்ந்தபின் வருந்துவதில் பயனில்லை. மறுபுறம், தரைப்படையில் சமய ஆசிரியர் என்ற பதவி உண்டு. அதில் மௌலவிகளும் நியமிக்கப்படுகிறார்கள். பட்டப்படிப்பும் ஆலிம் சான்றும் ஒருங்கே பெற்ற நம் மாணவர்கள் அதனையும் நினைவிற் கொள்ளலாம்.

இப்பாதை நமக்குப் புதியதன்று. நௌஷேராவைக் காத்த பிரிகேடியர் முஹம்மது உஸ்மான் 1948 ஜூலை 3 அன்று போர்க்களத்தில் உயிர் நீத்தார். 1965ஆம் ஆண்டுப் போரில் எதிரியின் டாங்கிகளை எதிர்த்து நின்று உயிர்த்தியாகம் செய்த அப்துல் ஹமீதுக்குப் பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது. இந்நாட்டின் காவலில் நமக்கும் பங்குண்டு என்பதற்கு அவர்களின் கப்றுகளே சாட்சி.

தரகர்களைக் குறித்து ஓர் எச்சரிக்கை. 'மேலே ஆள் இருக்கிறது, இத்தனை இலட்சம் கொடுத்தால் சீட்டு உறுதி' என்று எவர் வந்தாலும் நம்ப வேண்டா. கணினியில் தேர்வு, மைதானத்தில் ஓட்டம், மருத்துவர் முன் சோதனை ஆகிய மூன்றிலும் பணத்துக்கு வேலை இல்லை. அடகு வைத்த நகை திரும்ப வராது. கொடுத்ததாக வழக்குத் தொடுத்தாலும் கொடுத்தவரும் குற்றவாளியாவார்.

தேர்வு பெறாத பிள்ளைகளுக்கும் ஒரு சொல். நம் அப்துல் கலாம் அவர்கள் விமானப்படை விமானியாக விரும்பி டேராடூன் சென்றார். எட்டுப் பேருக்கே இடம். இருபத்தைந்து பேரில் அவர் ஒன்பதாவதாக நின்றார். அவரைத் தாங்கியது அவர் முன்பே கற்றுவைத்திருந்த விமானப் பொறியியல். படைக்குப் போனாலும் போகாவிட்டாலும் கையிலுள்ள தொழில் கைவிடாது. ஆகவே, தேர்வுக்குக் காத்திருக்கும் காலத்தில் பயிற்சியை நிறுத்திவிட்டு வெறுமனே இருத்தல் கூடாது.

நிறைவாக, ஜமாஅத் நிர்வாகத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று, ஒன்பதாம் வகுப்பு முதல் படிக்கும் எல்லாப் பிள்ளைகளின் சான்றுகளையும் ஒரே நாளில் பார்த்து, பெயர் வேறுபாடு உள்ளவற்றைக் குறித்துத் திருத்த உதவ வேண்டும். இரண்டு, படைத்துறை அறிவிப்பு வெளியாகும்போது அதன் வயது, தகுதி, இறுதி நாள் ஆகியவற்றைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்க வேண்டும். மூன்று, சேலத்திலுள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தையும் வேலைவாய்ப்பு அலுவலகத்தையும் அணுகி, விவரம் அறிந்தவர்களை ஆண்டுக்கு ஒருமுறையேனும் மலைக்கு அழைத்துவந்து நம் பிள்ளைகளோடு பேசவைக்க வேண்டும். மூன்றுக்கும் ஆகும் பொருட்செலவு சிறிது, வேண்டியது கவனம்.

பிள்ளைகளை அனுப்புவதும் அனுப்பாதிருப்பதும் ஒவ்வொரு குடும்பத்தின் உரிமை. அம்முடிவு அறிந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும் என்பதே நம் அவா. நம் இளைஞர்களின் உழைப்பிலும் வாழ்விலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக!