டோக்கன் காசும் தொட்டிச் செலவும்

 

திருச்சியில் நகர்ப்புறச் சுகாதாரம் பேசும் அவைகளில் ஒரு வழக்கு நெடுநாளாகத் தீராமல் கிடக்கிறது. சமுதாயக் கழிப்பிடம் தன் செலவைத் தானே ஈட்ட வேண்டும் என்பது பொருளியல் துறை நண்பர்களின் கட்சி. ஏழையிடம் காசு கேட்பதே தவறு என்பது சமூகப்பணித் துறையினரின் கட்சி. இரு தரப்பும் சாட்சிக்கு அழைப்பது கல்மந்தையைத்தான். அந்தச் சாட்சி சொன்னதில் ஆளுக்குப் பாதியைத்தான் காதில் வாங்கியிருக்கிறார்கள்.

கல்மந்தை, திருச்சி மாநகரின் குடிசைப்பகுதி. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிராமாலயா தொண்டு நிறுவனமும் வாட்டர்எய்டு அமைப்பும் துணைநிற்க, இத்தகைய பகுதிகளின் கழிப்பிடங்களை அங்குள்ள பெண்களே நடத்தத் தொடங்கினர். 'ஷீ' குழுக்கள் என்று பெயர். வாசலில் ஒருவர் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பார். வசூல் நோட்டில் ஏறும். அன்று ஒருமுறைக்கு 50 பைசா. சிறுவர்க்கும் முதியோர்க்கும் இலவசம். 2002இல், நாட்டிலேயே திறந்தவெளியில் மலம் கழிக்காத முதல் குடிசைப்பகுதி என்று கல்மந்தை அறிவிக்கப்பட்டது.

ஏழைகள் காசு கொடுக்கமாட்டார்கள் என்ற பேச்சு அன்றே முடிந்திருக்க வேண்டும். கொடுத்தார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது, இரவில் விளக்கு எரிந்தது, வாளியில் தண்ணீர் இருந்தது, அதனால் கொடுத்தார்கள்.

ஆனால் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்க வேண்டும். அன்றைய கட்டணத்தில் நாளைக்கு 500 டோக்கன் போவதாக வைத்துக்கொண்டால் 250 ரூபாய், மாதம் 7,500. துப்புரவு செய்பவர் கூலி, காவல், மின்கட்டணம், பினாயில், துடைப்பம் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். சிக்கனமாக நடத்தினால் கொஞ்சம் மிஞ்சும். அப்படி மிஞ்சியதைக் குழுக்கள் ஊர்ப் பொதுவேலைக்கும் செலவிட்டன. மோட்டார் எரிந்துபோனால்? மலத்தொட்டி நிரம்பி லாரி வரவேண்டியிருந்தால்? கூரை பெயர்ந்தால்? இவை மாதந்தோறும் வருவதில்லை. வரும்போது மொத்தமாக வருகின்றன. சில்லறைப் பெட்டி தாங்காது. தாங்கவைக்கக் கட்டணத்தை உயர்த்தினால், நான்கு பெரியவர்கள் உள்ள வீடு மீண்டும் வாய்க்கால் கரைக்குப் போகும்.

ஆகவே அன்றாடச் செலவு டோக்கனிலிருந்து, கட்டடமும் பெரும்பழுதும் மாநகராட்சி வரியிலிருந்து. இந்தப் பிரிவினை புதிதல்ல. கராச்சியின் ஒராங்கிக் குடியிருப்பில் 1980இல் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய திட்டத்தில், தெருச் சாக்கடைக்கு மக்கள் பணம் போட்டார்கள். பிரதான வடிகால் அரசின் பொறுப்பு என்று கோடு கிழித்தார்கள். வசதியான வீட்டின் பாதாளச் சாக்கடைக்கு அரசுப்பணம் போகும்போது, அதே பணம் கல்மந்தைத் தொட்டிக்குப் போவதை மானியம் என்று கடிந்துகொள்வது அநியாயம்.

இந்தப் பிரிவினை அங்கேயே குடியிருப்போருக்கானது; வெளியூர்க் கூட்டம் வந்துபோகும் ஸ்ரீரங்கத்தின் கணக்கு வேறு. 1994இல் மாநகராட்சியோடு இணைந்த அவ்வூரில், வைகுண்ட ஏகாதசிக்கும் ஆடிப்பெருக்குக்கும் வந்துபோகும் கூட்டத்தின் சுமையை உள்ளூர் வரி மட்டும் ஏன் சுமக்க வேண்டும்? 

ஆய்வு மாணவர்கள் எடுத்துக்கொள்ளச் சில: குழுக்களின் பழைய வரவு செலவு நோட்டுகளைத் திரட்டுதல்; பஞ்சப்பூர் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கழிவு போய்ச்சேரும் செலவு; கழிப்பிடத்தைப் பயன்படுத்துவோருக்கே காசு கொடுத்த முசிறிப் பரிசோதனை; ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையின் திருவிழாக்காலச் செலவு.