கிரவுண்டு இருந்த இடம்

(ஹேவாஹெட்டயில் நடந்த தோட்டக் கிளைத் தலைவர்கள், இளைஞர் அணியினர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஸ்டோர் தொழிலாளி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



சம்பளத்தைப் பற்றிப் பேச இந்த மேடையில் என்னைவிட விஷயம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கொடுத்த நேரத்தில் நான் ஒரு கிரவுண்டைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை.

போன மாதம் என் பேரன், கண்டியில் நடைபாதைக் கடையில் வாங்கிய மென்செஸ்டர் யுனைட்டட் சிவப்பு பெனியனைப் போட்டுக்கொண்டு வந்து, "தாத்தா, நீங்க பந்து விளையாடுவீங்களாமே, எங்க விளையாடினீங்க?" என்று கேட்டான். வா காட்டுகிறேன் என்று கூட்டிப் போனேன். பழைய பிரட்டுக் களத்துக்கு மேலே, குறுக்குப் பாதையில் ஏறினோம். அங்கே கறுப்பு வலை கட்டிய தேயிலை நாற்று மேடை இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் மானாப் புல்லு. "இங்கேயா?" என்றான். இங்கேதான் என்றேன். அவன் நம்பவில்லை. நான் கதை விடுகிறேன் என்று நினைத்துவிட்டான்.

அவன் நம்பாததுதான் என்னை இந்த மேடைக்கு ஏற்றியது.

மலையில் சமதரை தானாகக் கிடைக்காது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஒரு கோழிக்கூடு கட்டவே மண் வெட்டித் தள்ள வேண்டும். அந்த கிரவுண்டை வெட்டியது என் அப்பாவின் காலத்து ஆட்கள். வேலை விட்டு வந்து, பொழுது சாயும் வரைக்கும், அலவாங்கும் மண்வெட்டியுமாக மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பினார்கள். அந்த வேலைக்குச் செக்ரோலில் ஒரு அரைப் பேர்கூட விழவில்லை. துரை தன்னுடைய பங்குக்கு இரண்டு கோல் கம்பத்துக்கு மரம் கொடுத்தார் என்று சொல்வார்கள். கம்பம் கொடுத்தவர் பெயர் எல்லாருக்கும் தெரியும், மண் வெட்டினவர்கள் பெயர் எனக்கே முழுக்க ஞாபகமில்லை.

முழு அளவு கிரவுண்டு இல்லை. கீழ்ப் பக்கம் கான் ஓடும், மேல் பக்கம் கொழுந்து மலை. பந்து கீழே போனால் ஓடை வரைக்கும் உருளும், அதை எடுத்து வரவே நாலு பொடியன்களை வைத்திருப்போம். அந்தப் பொடியன்களில் ஒருவனாக இருந்துதான் நான் கோல் கீப்பர் ஆனேன். கழகத்துக்கு ஒரு பெயரும் இருந்தது. அதை இங்கே சொல்ல மாட்டேன். அது எங்கள் பெயர் என்று இந்த மண்டபத்திலேயே மூன்று தோட்டத்து ஆட்கள் சண்டைக்கு எழும்புவீர்கள்.

கிரவுண்டு என்றால் பந்துக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். மாசி மாதம் காமன் ஊன்றியது அங்கேதான். ரதி மதன் ஆட்டம் விடிய விடிய நடக்கும், அடுத்த நாள் சாம்பலைத் தள்ளிவிட்டுப் பந்து அடிப்போம். திருவிழாவுக்குத் தேர் சுற்றி வந்து நின்றது அங்கே. மே தினத்துக்குக் கொடி ஏற்றியது அங்கே. பிள்ளைக் காம்பராவில் இருந்து குழந்தைகளைக் கொண்டுவந்து வெயிலில் விடுவதும் அங்கேதான். ஆகையால் தாய்மார்கள் "இது ஆம்பளைகள் விளையாட்டு விஷயம்" என்று எழும்பிப் போய்விட வேண்டாம்.

இந்த ஹேவாஹெட்டப் பக்கத்தில், முல்லோயா தோட்டத்தில், 1940 ஜனவரி 10ஆம் திகதி கோவிந்தன் பொலிஸ் சூட்டில் விழுந்தார். வருஷா வருஷம் அவரை நினைக்கிறோம். அந்தக் காலத்தில் சங்கத்துக்காரன் தோட்டத்துக்குள் காலை வைத்தாலே அத்துமீறல் என்று வழக்குப் போடுவார்கள். அன்றைக்கு நாலு பேர் கூடி நிற்க ஒரு துண்டு இடம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள்.

சரி, அந்த கிரவுண்டு எப்படிப் போனது? ஒரே நாளில் போகவில்லை.

1974ஆம் ஆண்டுப் பஞ்சம் வயதானவர்களுக்கு மறக்காது. மாவு இல்லை, அரிசி இல்லை. கிரவுண்டில் பாதியைக் கொத்தி மரவள்ளி நட்டோம். நட்டதில் எனக்கு வருத்தமில்லை, அந்தக் கிழங்கைத் தின்றுதான் நானும் உயிரோடு இருக்கிறேன். ஆனால் பஞ்சம் முடிந்து கிரவுண்டைத் திரும்ப மட்டமாக்க ஆள் வேண்டுமே. ஆள் எங்கே? 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு எடுப்பது என்று எழுதிக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் எங்கள் பதினொரு பேரில் ஆறு பேர் போனார்கள். ஒரு குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போட், அடுத்த வீட்டுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. சென்டர் ஃபோர்வேர்ட் ஒரு பக்கம், அவனுக்குப் பந்து போடுகிறவன் இன்னொரு பக்கம். அவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு நம் சனம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. தலைமன்னார் வரைக்கும் போய்க் கப்பலேறி ராமேஸ்வரம். எங்கள் பெக் விளையாடியவன் நீலகிரிப் பக்கம் போய் அங்கேயும் தேயிலைத் தோட்டத்தில்தான் சேர்ந்தான். முதல் கடிதத்திலேயே "கிரவுண்டு எப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தான். மரவள்ளி நல்லா வந்திருக்கு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பதிலே போடவில்லை. அந்தக் கடனை நான் இன்னும் அடைக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்தவர்கள் மிச்சமிருந்த பாதியில் விளையாடினார்கள். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. நம்ம பக்கம் ஜனவசமவின் தோட்டங்களும் உண்டு, எதுவாக இருந்தாலும் காணி அரசாங்கத்துடையது, குத்தகைக்காரனோ சபையோ அதை நடத்துகிறது. ஒரு நாள் மிச்சமிருந்த கிரவுண்டிலும் நாற்று மேடை போட்டார்கள். போய்க் கேட்டோம். ஆபிஸில் தோட்டப் படத்தை விரித்துக் காட்டினார்கள். ஸ்டோர் இருந்தது, பங்களா இருந்தது, லயம் இருந்தது, மாட்டுப் பட்டிகூட இருந்தது. எங்கள் கிரவுண்டு இருந்த இடத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "எந்த கிரவுண்டு?" என்று கேட்டார் அந்த ஐயா. அவர் பொய் சொல்லவில்லை. படத்தில் இல்லைதான். முப்பது வருஷம் அதில் விளையாடியவர்கள் ஒருவருக்கும் அதைப் படத்தில் போடச் சொல்லிக் கேட்கத் தோன்றவில்லை. அது எங்கள் பிழை.

இப்போது என் பேரனின் சிவப்பு பெனியனுக்கு வருகிறேன். அந்தக் கழகம் பணக்காரக் கழகம் என்றுதான் நமக்குத் தெரியும். 1878இல் அதை ஆரம்பித்தது மென்செஸ்டர் நகரத்தில் நியூட்டன் ஹீத் என்ற இடத்தில் ரயில் பெட்டி செய்கிற வேலைத்தலத் தொழிலாளர்கள். முதல் பெயர் நியூட்டன் ஹீத்தான். பெனியனும் பச்சையும் மஞ்சளும். அவர்களுடைய முதல் மைதானம் நோர்த் ரோட் என்ற இடத்தில், ரயில் யார்ட்டுக்குப் பக்கத்தில். ஒரு பக்கம் கல்லு, மற்றப் பக்கம் சேறு. உடை மாற்ற இடமில்லை, அரை மைல் தள்ளியிருந்த சாராயக் கடையில் உடை மாற்றிக்கொண்டு நடந்து வருவார்களாம். நம்ம பொடியன்கள் லயத்துக்குப் பின்னால் மாற்றிக்கொண்டு வருவது மாதிரித்தான். அந்த நிலமும் அவர்களுடையது இல்லை. 1893இல் வெளியேற்றப்பட்டார்கள். பிறகு இரசாயனத் தொழிற்சாலைப் புகைக்கு நடுவில் பேங்க் ஸ்ட்ரீட்டில் விளையாடினார்கள். 1902இல் பெயரை மாற்றினார்கள், 1910இல்தான் ஓல்ட் டிரஃபர்ட். இன்றைக்கு ஓல்ட் டிரஃபர்ட்டைத் தெரியாத பிள்ளை லயத்தில் இல்லை. நோர்த் ரோட்டை எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனாலும் அந்தக் கழகத்துக்குப் போக அடுத்த இடம் இருந்தது. நமக்கு அடுத்த இடம் கொழுந்து மலைதான்.

இதைவிட நமக்குக் கிட்டத்துச் சொந்தம் ஒன்று தென்னாபிரிக்காவில் இருக்கிறது. நம்ம பாட்டன்மார் மன்னார்க் காட்டு வழியாகக் கோப்பிக்கு நடந்து வந்த அதே காலத்தில், 1860 நவம்பர் 16ஆம் திகதி, மதராசில் இருந்து டுரூரோ என்ற கப்பல் டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் கரும்புத் தோட்டத்துக்கு. 1911 வரைக்கும் ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள், அதில் தமிழ்ச் சனம் நிறைய. ஒப்பந்தம் முடிந்து டர்பன் நகரத்துக்கு வந்தவர்கள், நகரசபையின் குப்பை அள்ளுகிற, ரோட்டுப் போடுகிற வேலைக்குச் சேர்ந்து மெகசீன் பெரக்ஸ் என்ற லயன்களில் இருந்தார்கள். லயம் என்றால் அங்கேயும் லயம்தான்.

அந்தப் பிள்ளைகளும் பந்து அடித்தார்கள். 1903இலேயே இந்தியர்களுக்கென்று சாம் சைனா கிண்ணம் என்ற போட்டி தொடங்கிவிட்டது. வெள்ளைக்காரன் மைதானத்தில் இவர்களுக்கு இடமில்லை. ஆகவே கழகங்களெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நகரசபையிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1920களில் கரீஸ் ஃபவுண்டன் என்ற இடத்தை இந்திய விளையாட்டுச் சங்கத்துக்குக் குத்தகையாக எழுதி வாங்கினார்கள். வறட்சிக் காலத்தில் கரி என்ற நகரசபை உறுப்பினர் கிணறு வெட்டி ஊருக்குத் தண்ணீர் கொடுத்த இடம், அதனால் அந்தப் பெயர். எழுதி வாங்கினார்கள் என்ற சொல்லைக் கவனியுங்கள்.

1961இல் நிறம் பாராமல் எல்லாரும் ஆடுகிற தொழில்முறை லீக் ஒன்றைத் தொடங்கியபோது, அதற்கு வீடாக இருந்தது கரீஸ் ஃபவுண்டன்தான். சனம் மதிலேறி நின்று பார்த்தது. கறுப்பனும் இந்தியனும் ஒரே அணியில் ஆடுவது நிறவெறி அரசாங்கத்துக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் ஆட்டக்காரர்களை மட்டும் குறி வைக்கவில்லை. ஊர் ஊராக நகரசபைகள் மைதானத்தைக் கொடுக்க மறுத்தன. 1966இல் லீக் படுத்துவிட்டது. ஒரு விளையாட்டை அழிக்கப் பந்தைப் பறிக்க வேண்டியதில்லை, தரையைப் பறித்தால் போதும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதே காலத்தில் மெகசீன் பெரக்ஸையும் காலி பண்ணிச் சனத்தை நகரத்துக்கு வெளியே செட்ஸ்வேர்த்துக்கு அனுப்பினார்கள்.

ஆனால் எழுதி வாங்கிய கரீஸ் ஃபவுண்டன் நின்றது. மொசாம்பிக் விடுதலைக்கு ஆதரவாக 1974 செப்டம்பர் 25ஆம் திகதி தடையை மீறிச் சனம் கூடியதும் அங்கேதான், பொலிஸ் நாயை விட்டுக் கலைத்தார்கள். பழைய கூட்டம் இப்போது இல்லை, கழகங்கள் பல போய்விட்டன. ஆனால் டர்பனில் ஒரு தாத்தா பேரனைக் கூட்டிப்போனால் அவன் "இங்கேயா?" என்று கேட்க மாட்டான்.

இனி நம்ம விஷயம். முன்பு நாம் பிரதேச சபைக்குப் போனால், தோட்டத்துக்குள் காசு செலவழிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டுவார்கள். வரி, வோட்டு எல்லாம் நமக்கு உண்டு, ரோட்டுக்கு ஒரு கல் போடச் சட்டம் விடாது. 2018இல் அந்தப் பிரிவைத் திருத்தியாகிவிட்டது. இப்போது சபை தோட்டத்துக்குள் வந்து வேலை செய்யலாம். வழி திறந்து இத்தனை வருஷமாகியும் எத்தனை தோட்டத்தில் இருந்து மைதானத்துக்கென்று ஒரு கடிதம் போயிருக்கிறது? கையை உயர்த்துங்கள் பார்க்கலாம்... சரி, விடுங்கள்.

முன்வரிசையில் ஒரு தங்கச்சி முகத்தைச் சுளிக்கிறது தெரிகிறது. "வீடே இல்லை, இந்த ஆளுக்கு கிரவுண்டு" என்று நினைக்கிறது. என் மகளும் இரண்டு பிள்ளைகளோடு பத்தடி லயக் காம்பராவில்தான் இருக்கிறாள். 7 பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் வேண்டும் என்று நானும் உங்களோடு ரோட்டில் உட்கார்ந்தவன். ஆனால் நடக்கிறது என்ன? மண் சரியாத சமதரை வேண்டும் என்று இடம் தேடி வருகிறார்கள். தோட்டத்தில் சமதரை இருப்பது கிரவுண்டில். தேயிலை மலையில் ஒரு செடியைப் பிடுங்க நிர்வாகத்துக்கு மனமில்லை, ஆகவே கிரவுண்டைக் காட்டிவிடுகிறார்கள். நாமும் வீடு கிடைத்தால் போதும் என்று கையெழுத்து வைக்கிறோம். வேறு நல்ல தரையே இல்லையென்றால் வீடுதான் முதலில், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. வேறு தரை இருக்கிறதா என்று கேட்காமல் கையெழுத்து வைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். வீடு கட்டுகிற படத்திலேயே பிள்ளைகளுக்கு ஒரு துண்டு ஒதுக்கச் சொல்லிக் கேட்டால் அது கேட்கக்கூடாத கேள்வியா?

கீழ் டிவிஷன் கிரவுண்டு இன்னும் இருக்கிறது. ஒரு மூலையில் விறகு அடுக்கியிருக்கிறார்கள், மற்ற மூலையில் குப்பை. தோட்டப் படத்தில் அதுவும் இருக்காது, அது எனக்கு நிச்சயம். அடுத்த ஞாயிறு காலை அங்கே போகலாம். இளைஞர் அணித் தம்பிமார் அளவு நாடாவும் கொப்பியும் கொண்டுவாருங்கள். நீளம், அகலம், நாலு எல்லையில் என்ன இருக்கிறது, எந்த வருஷத்தில் இருந்து விளையாடுகிறோம், எல்லாவற்றையும் எழுதுவோம். அங்கே விளையாடிய பெரியவர்கள் சொல்லட்டும், கையெழுத்து வைக்கட்டும். ஒரு பிரதி தோட்ட ஆபிஸுக்கு, ஒன்று கிராம உத்தியோகத்தருக்கு, ஒன்று பிரதேச சபைக்கு, ஒன்று சங்கக் காரியாலயத்துக்கு. பதிவுத் தபாலில் போடுங்கள், துண்டை வைத்திருங்கள்.

தங்கச்சிமாரும் வாருங்கள். பாடசாலையில் பொம்பளைப் பிள்ளைகள் எல்லே ஆடுகிறார்கள், லயத்துக்கு வந்தால் ஓட இடமில்லை என்று என் பேத்தி சொல்கிறாள். அதையும் எழுத வேண்டும்.

எங்கள் மேல் டிவிஷன் கிரவுண்டையும் கணக்கில் போடுவோம். நாற்று மேடையை எடுக்கச் சொல்லி இல்லை, அங்கே ஒரு கிரவுண்டு இருந்தது என்று காகிதத்தில் இருக்கட்டும். கம்பம் நின்ற இடம் எனக்குத் தெரியும். பலா மரத்தில் இருந்து பதினெட்டு எட்டு கீழே. என் காலடியில் சொல்கிறேன், கால் இப்போது கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. பேரனை நடக்கவிட்டு எண்ணிப் பார்க்கிறேன். நீலகிரிக்குப் போட வேண்டிய கடிதத்தையும் அன்றைக்கே எழுதலாம் என்றிருக்கிறேன்.

நேரமாகிவிட்டது. கண்டி பஸ்ஸுக்குப் போகிறவர்கள் எழும்பலாம்.