மறுத்தவனே நீதிபதியா?

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



கூட்டம் ஆரம்பமாவதற்கு முன் வாசலில் ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். நடவும் அறுப்புமாக ஐம்பது வருஷம் சேற்றில் நின்ற மனிதர். மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். வாய்க்கால் தூர் வாரும் வேலைக்கு அவர் இருபத்திரண்டு நாள் போயிருக்கிறார். கைக்கு வந்ததோ பதினாறு நாள் கூலி. "மஸ்டர் ரோலில் என்ன எழுதியிருக்கிறது, நகல் கொடுங்கள்" என்று மனுப் போட்டார். பதில் ஒரே வரிதான்: "தனிநபர் விவரம், தர இயலாது."

"தோழர், ஒரு சந்தேகம்" என்றார் பெரியவர். "இல்லைன்னு சொல்லிட்டான். சொன்னது நியாயமான்னு அவன்கிட்டேயே போய்க் கேட்டா, அவன் என்ன சொல்லுவான்?"

நான் பேச வேண்டிய பேச்சு முழுவதும் இந்தக் கேள்விக்குள் அடங்கிவிட்டது. சர்க்கார் ஒரு தகவலைத் தர மறுக்கிறது. அந்த மறுப்பு சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் யார்? மறுத்த சர்க்காரேவா, அதற்குக் கட்டுப்படாத வேறொருவரா?

ஆலைத் தோழர்களுக்கு இது புதிய கேள்வியல்ல. மேஸ்திரி உங்கள்மீது புகார் எழுதுகிறான். மானேஜர் குற்றப்பத்திரிகை கொடுக்கிறார். மானேஜர் நியமித்த ஆளே விசாரணை நடத்துகிறார். அப்பீலும் மானேஜ்மெண்டிடமே! இதற்கு விசாரணை என்று பெயர் இருக்கிறதே தவிர, அதில் நியாயம் கிடையாது. அதனால்தான் தொழிலாளி வர்க்கம் மானேஜ்மெண்டுக்குக் கட்டுப்படாத லேபர் கோர்ட் வேண்டும் என்று கேட்டது. தகவல் விஷயத்திலும் அதே நியாயம்தான்.

மூடி வைக்கும் பழக்கம்

வெள்ளைக்காரன் 1923-ல் அலுவலக ரகசியச் சட்டம் என்று ஒன்றைச் செய்தான். அவனைப் பொறுத்தவரை சர்க்கார் காகிதம் சர்க்காருடையது. ஜனங்களுக்கு அதில் வேலையில்லை. வெள்ளைக்காரன் போனான். சட்டம் போகவில்லை. பீரோவைப் பூட்டும் பழக்கமும் போகவில்லை.

1975 ஜனவரியில் ராஜ் நாராயண் வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. பிரதம மந்திரியின் சுற்றுப்பயணப் பாதுகாப்பு விதிகள் அடங்கிய புத்தகத்தைக் கோர்ட்டில் காட்ட முடியாது என்று சர்க்கார் மறுத்தது. சர்க்கார் "ரகசியம்" என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது, காகிதத்தைப் பார்த்து முடிவு செய்யும் அதிகாரம் கோர்ட்டுக்கு உண்டு என்றது தீர்ப்பு. பொது ஊழியர்கள் பொதுவில் செய்யும் ஒவ்வொரு காரியத்தையும் அறிய மக்களுக்கு உரிமை உண்டு என்று நீதிபதி மாத்யூ எழுதினார். ஆனால் சுப்ரீம் கோர்ட் வரை போக வாய்க்கால் வெட்டும் கூலிக்காரனால் ஆகுமா?

ராஜஸ்தான் கூலிகள் காட்டிய வழி

அந்த வழியைச் சுலபமாக்கியவர்கள் உங்களைப் போன்றவர்களே. ராஜஸ்தானத்தில் 1990 மே தினத்தன்று மஸ்தூர் கிஸான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு உருவாயிற்று. பஞ்ச நிவாரண வேலை செய்த கிராமத்து ஏழைகள் குறைந்தபட்சக் கூலி கேட்டார்கள். "பதிவேட்டின்படி நீங்கள் அவ்வளவு வேலை செய்யவில்லை" என்றார்கள் அதிகாரிகள். "அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள்" என்றார்கள் கூலிகள். "அது ரகசியம்" என்று பதில் வந்தது. கூலிக்காரன் மண் சுமந்த கணக்கு அவனுக்கே ரகசியமாம்!

1994 டிசம்பரில் பாலி ஜில்லாவில் கோட் கிரானா என்ற கிராமத்தில் மக்கள் விசாரணை நடத்தினார்கள். கிடைத்த கணக்குகளை ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். வேலைக்கே வராதவர்கள் பேரில் கூலி எழுதியிருந்த மோசடி அம்பலமாயிற்று. நகல் தரப்படும் என்று ராஜஸ்தான் முதல் மந்திரி 1995-ல் சட்டசபையில் சொன்னார். சொன்னதோடு சரி. 1996 ஏப்ரலில் பியாவர் நகரத்தில் மறியல் தொடங்கி நாற்பது நாள் நடந்தது. "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பது அவர்களுடைய கோஷம். தகவல் உரிமை இந்த நாட்டில் கூலிக் கணக்கிலிருந்து பிறந்தது, தோழர்களே. படித்தவர்கள் போட்ட பிச்சையல்ல.

இரண்டு சொத்தைச் சட்டங்கள்

போராட்டத்தின் பேச்சு நாடெங்கும் பரவியதும் சட்டங்கள் வரத் தொடங்கின. 1997-ல் தமிழ்நாட்டிலேயே ஒரு சட்டம் வந்தது. நாட்டுக்கே முன்னோடி என்று பெருமையாகச் சொன்னார்கள். ஆனால் தர வேண்டாதவை என்று நீண்ட பட்டியல், அப்பீலோ சர்க்காரிடமே!

2002-ல் பார்லிமெண்டும் தகவல் சுதந்திரச் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றியது. அதிலும் இரண்டாவது அப்பீல் மத்திய சர்க்காருக்கோ மாநில சர்க்காருக்கோதான். மறுக்கும் அதிகாரிக்கு அபராதம் கிடையாது. அந்தச் சட்டம் அமலுக்கே வராமல் செத்தது. பெரியவர் வாசலில் கேட்ட கேள்வியை அந்த இரண்டு சட்டங்களும் கேட்கவேயில்லை.

2005 சட்டத்தின் பலம் எங்கே?

2005 அக்டோபர் 12-ல் அமலுக்கு வந்த தகவல் உரிமைச் சட்டம் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் சொன்னது. மத்தியிலும் மாநிலங்களிலும் தகவல் கமிஷன்கள் அமைந்தன. மனுப் போட்டு முப்பது நாளில் தகவல் தர வேண்டும். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதானால் 48 மணி நேரம். பதிலே வராவிட்டாலும் மறுப்பு என்றே அர்த்தம். அப்போது அதே இலாகாவின் மேலதிகாரியிடம் முதல் அப்பீல். அங்கேயும் கிடைக்காவிட்டால் தொண்ணூறு நாளைக்குள் கமிஷனிடம் இரண்டாவது அப்பீல்.

இந்தக் கமிஷனுக்குச் சட்டம் நான்கு ஆயுதங்கள் கொடுத்தது. எந்தக் காகிதத்தையும் வரவழைத்துத் தன் கண்ணால் பார்க்கலாம்; எந்தக் காரணம் சொல்லியும் அதைக் கமிஷனிடமிருந்து மறைக்க முடியாது. மறுத்தது நியாயம் என்று நிரூபிக்கும் பொறுப்பு அதிகாரியுடையது; கேட்டவன் எதையும் நிரூபிக்க வேண்டாம். கமிஷனின் முடிவு இலாகாவைக் கட்டுப்படுத்தும். தக்க காரணமின்றித் தாமதித்தால் அதிகாரி நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை அபராதம் கட்ட வேண்டும். அதுவும் தன் சொந்தப் பணத்திலிருந்து!

கட்டுப்படுத்தும் என்ற அந்த ஒரு சொல் எவ்வளவு பெரிது என்பதற்கு இங்கிலாந்தைப் பாருங்கள். 2003 மார்ச்சில் இராக் யுத்தத்தைப் பற்றி அந்நாட்டு மந்திரிசபை பேசிய குறிப்புகளை வெளியிடும்படி அங்குள்ள தகவல் கமிஷனர் உத்தரவிட்டார். 2009 ஜனவரியில் தீர்ப்பாயமும் அதை உறுதி செய்தது. அடுத்த மாதமே மந்திரி ஜாக் ஸ்ட்ரா தன் தனி அதிகாரத்தால் அந்த உத்தரவை ரத்து செய்தார். யுத்தத்துக்கு நாட்டை இழுத்துச் சென்ற சபையின் குறிப்பை அந்தச் சபையிலேயே இருந்த மந்திரி மூடினார்! நமது சட்டத்தில் மந்திரிக்கு அப்படியொரு அதிகாரம் இல்லை. கமிஷனின் உத்தரவு பிடிக்காவிட்டால் சர்க்கார் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

அப்படிக் கோர்ட்டுக்குப் போனது ரிசர்வ் பேங்கு. பொதுத்துறை பேங்குகளில் கடன் வாங்கித் திருப்பாத பெரிய முதலாளிகள் யார், பேங்குகளைச் சோதித்த அறிக்கைகள் என்ன சொல்கின்றன என்று பிரஜைகள் கேட்டார்கள். ரிசர்வ் பேங்கு மறுத்தது. கொடு என்றது மத்திய தகவல் கமிஷன். 2015 டிசம்பர் 16-ல் சுப்ரீம் கோர்ட்டும் கொடு என்றது. ரிசர்வ் பேங்கின் கடமை மக்களின் நலனுக்கே தவிர தனித்தனி பேங்குகளின் நலனுக்கு அல்ல என்று தீர்ப்பு. ஆயிரம் ரூபாய் நகைக்கடன் பாக்கிக்கு நம் பெயரை ஏலத்தில் கூவுகிறவர்கள், கோடிக்கணக்கில் விழுங்கியவன் பெயரை ரகசியம் என்றார்கள். வெளியாள் ஒருவர் விசாரித்ததால்தான் அந்த வாதம் உடைந்தது.

பல்லைப் பிடுங்கும் வேலை

இவ்வளவு பலமுள்ள கமிஷனை ஆளுகிறவர்கள் சும்மா விடுவார்களா? நேராக ஒழித்தால் மக்கள் கேட்பார்கள். ஆகவே சுற்றி வளைத்து வருகிறார்கள்.

கமிஷனரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் மூன்று பேர். மத்தியில் பிரதம மந்திரி, அவர் சொல்லும் மந்திரி, எதிர்க்கட்சித் தலைவர். மாநிலத்திலும் இதே கணக்கு. மூவரில் இருவர் சர்க்கார் தரப்பு! பெரும்பாலும் ஓய்வுபெற்ற அதிகாரிகளே வந்து உட்காருகிறார்கள். இந்தக் குறை ஆரம்பத்திலிருந்தே உண்டு.

ஆனால் உட்கார்ந்த பிறகாவது பயமில்லாமல் இருக்கட்டும் என்று 2005 சட்டம் ஐந்தாண்டுப் பதவியையும் தேர்தல் கமிஷனர்களுக்குச் சமமான சம்பளத்தையும் உறுதி செய்திருந்தது. 2019 ஜூலையில் பார்லிமெண்டில் திருத்தம் கொண்டுவந்து, பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் மத்திய சர்க்காரே நிர்ணயிக்கும் என்று மாற்றினார்கள். மாநிலக் கமிஷனர்களுக்கும் அப்படியே. அதே அக்டோபரில் விதி போட்டு ஐந்தை மூன்றாக்கினார்கள். கூலியை நிர்ணயிக்கிறவன் கையைப் பார்த்துக்கொண்டு ஒருவன் தீர்ப்பு எழுதினால் அந்தத் தீர்ப்பு எப்படி இருக்கும்? உங்களுக்கா சொல்ல வேண்டும்!

இன்னொரு தந்திரம், நாற்காலியைக் காலியாகப் போடுவது. காலியிடங்களை நேரத்தில் நிரப்பு என்று சுப்ரீம் கோர்ட் 2019 பிப்ரவரியில் சொன்னது. அதற்குப் பிறகும் ஜார்க்கண்டில் 2020 மே முதல் நான்கு வருஷத்துக்கு மேல் கமிஷன் இயங்கவேயில்லை. இரண்டாவது அப்பீலை இத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் கெடு கிடையாது. நம் கூலிக் கணக்கு வருஷக்கணக்கில் தூங்கினால் அதுவும் மறுப்புத்தானே?

பயந்த கமிஷன் என்ன செய்யும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. தேர்தல் பத்திரம் வாங்கிக் கட்சிகளுக்குக் கோடி கோடியாகக் கொடுத்தவர்கள் யார் என்று கேட்டதற்கு, அதை வெளியிடுவதில் பொதுநலன் இல்லை என்று 2020 டிசம்பரில் மத்திய தகவல் கமிஷன் கூறியது. 2024 பிப்ரவரி 15-ல் சுப்ரீம் கோர்ட் அந்தத் திட்டத்தையே ரத்து செய்தது. வாக்காளரின் அறியும் உரிமைக்கு விரோதம் என்றது. ஸ்டேட் பேங்கு ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. மார்ச் 11-ந் தேதி கோர்ட் அதட்டியது. மறுநாளே விவரம் தேர்தல் கமிஷன் கைக்குப் போய்ச் சேர்ந்தது! மூன்றரை மாதம் வேண்டும் என்ற வேலை ஒரே நாளில் முடிந்த ரகசியம் இதுதான்.

பெரியவர் கையிலுள்ள காகிதம்

இப்போது பெரியவரின் காகிதத்துக்கு வருகிறேன். "தனிநபர் விவரம்" என்ற அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது? முன்பெல்லாம் பொதுக் காரியத்தோடு சம்பந்தமில்லாத சொந்த விவரத்தைத்தான் மறுக்கலாம். பொதுநலன் பெரிதானால் அதையும் தர வேண்டும் என்று அதே ஷரத்தில் எழுதியிருந்தது. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த நிபந்தனைகளை வெட்டி எறிந்தது. 2025 நவம்பரில் அந்த மாற்றம் அமலுக்கு வந்தது. இனி தனிநபர் விவரம் என்றாலே மறுக்கலாம்.

யோசியுங்கள். மஸ்டர் ரோல் என்பதே பெயர்ப் பட்டியல்தான். ரேஷன் பட்டியல், வீட்டுமனைப் பட்டியல், கடன் பாக்கிப் பட்டியல், எல்லாமே பெயர்கள்தான். பெயர் இருப்பதெல்லாம் தனிநபர் விவரம் என்றால் ராஜஸ்தான் கூலிகள் ஊர் நடுவில் படித்த கணக்கை இனி யார் படிப்பது?

ஆனாலும் கதவு முழுவதும் மூடவில்லை. எட்டாவது பிரிவின் இரண்டாவது உட்பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது. மறைப்பதால் காக்கப்படும் நலனைவிட வெளியிடுவதால் வரும் பொதுநலன் பெரிது என்றால் தகவலைத் தரலாம் என்கிறது அது. எது பெரிது என்று எடை போடுவது யார்? கடைசியில் கமிஷன்தான். ஆகவே தராசு பிடிக்கும் கை யாருக்கும் அஞ்சாத கையாக இருக்க வேண்டும் என்ற கோரிக்கை முன்னைவிட இப்போது பத்து மடங்கு அவசரம்.

செய்ய வேண்டியது

முதலாவது, மறுப்பைக் கண்டு திரும்பாதீர்கள். மறுக்கிறவர் காரணத்தையும், யாரிடம் எத்தனை நாளில் அப்பீல் செய்யலாம் என்பதையும் எழுத்தில் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள். ஏன் கேட்கிறாய் என்று உங்களைக் கேட்க அவருக்கு அதிகாரமில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் எழுத உதவ வேண்டியது அதிகாரியின் கடமை. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவருக்குக் கட்டணமில்லை.

இரண்டாவது, ஆலைத் தோழர்களே, தனியார் ஆலையிடம் இந்தச் சட்டம் நேராகச் செல்லாது. ஆனால் பாக்டரி இன்ஸ்பெக்டர் எழுதிய அறிக்கை சர்க்கார் காகிதம். உங்கள் சம்பளத்தில் பிடித்த பிராவிடண்ட் பண்டை முதலாளி கட்டினானா என்ற கணக்கும் சர்க்கார் கையில் இருப்பது. அங்கே கேளுங்கள்.

மூன்றாவது, சங்கத்தின் பெயரில் போடாமல், பிரஜை என்ற முறையில் ஆளுக்கொரு மனுவாகப் போடுங்கள். ஒற்றை ஆளை மிரட்டலாம். தெரு முழுவதையும் மிரட்ட முடியாது.

நான்காவது, காலியிடம் நிரப்பு, நியமனத்தை வெளிப்படையாக நடத்து, பறித்த ஐந்தாண்டையும் வெட்டிய ஷரத்தையும் திருப்பிக் கொடு என்று கேளுங்கள். கூலி உயர்வுக் கோரிக்கையோடு இதையும் சேர்த்து எழுதுங்கள். கணக்குக் கைக்கு வராவிட்டால் உயர்ந்த கூலியும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

பெரியவரே! அவன்கிட்டேயே போய்க் கேட்டால் என்ன சொல்லுவான் என்றீர்கள். முதல் அப்பீலில் அநேகமாக "இல்லை" என்றுதான் சொல்லுவான். சொல்லட்டும். முப்பது நாளைக்குள் அந்த அப்பீலைப் போட வேண்டும். இன்று ராத்திரியே நம் தோழர்கள் எழுதித் தருவார்கள். அதற்கு மேல் கமிஷன் இருக்கிறது. அங்கே போகும்போது நீங்கள் தனியாகப் போக வேண்டாம். வாய்க்காலில் உங்களோடு மண்வெட்டி பிடித்தவர்கள் அத்தனை பேரும் கூட வருவார்கள். ஆறு நாள் கூலி எங்கே போயிற்று என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டிய கணக்கு!