முனை பொருந்தினால் போதுமா?

1990 ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மின்விநியோகம் நின்றுபோயிற்று. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிற்று. செய்தி கேட்க விரும்பியோர் துவிச்சக்கரவண்டியின் டைனமோவை வானொலிப் பெட்டியுடன் இணைத்தனர். ஒருவர் மிதிக்க, அயலார் சூழ்ந்திருந்து கேட்டனர். மிதிப்பவர் களைத்தால் செய்தியும் களைத்தது.

இரு கம்பிகளை முடிந்துவிட்டால் வேலை முடிந்ததென்று எண்ணுதல் கூடாது. டைனமோ தருவது ஏறக்குறைய 6 வோல்ற்று ஆடலோட்டம். வானொலி வேண்டுவதோ நேரோட்டம். இடையே இருவாயிகளை வைத்து மின்னை ஒரு திசைப்படுத்தி, கொள்ளளவியால் அதன் அலைவைத் தணித்தல் வேண்டும். கொள்ளளவி இல்லாவிடின் குரலை இரைச்சல் விழுங்கிவிடும். அதன் பின்னும் ஓர் இடர் உண்டு. இரண்டு கலங்களால் இயங்கும் பெட்டிக்கு 3 வோல்ற்றே போதும். உற்சாகம் மிகுந்து மிதிப்பவர் பெட்டியையே கருக்கிவிடவும் கூடும்.

பழைய இல்லக் கணினிக்கு வன்தட்டுப் பூட்டுவோர் முன்னும் இதே சிக்கல் நிற்கின்றது. கொமடோர் நிறுவனம் 1992 இல் வெளியிட்ட அமிகா 1200 கணினியினுள் 44 முனைகளுடைய இணைப்பி ஒன்று உண்டு. இரண்டரை அங்குல வன்தட்டு, தரவையும் 5 வோல்ற்று மின்னையும் அதன் வழியாகவே பெறும். மூன்றரை அங்குலத் தட்டின் தரவு இணைப்பியில் 40 முனைகளே. அதன் மோட்டரைச் சுழற்ற 12 வோல்ற்று வேறாக வேண்டும். சிறிய தட்டை ஒரு வரிசை விலக்கிச் செருகினால், 5 வோல்ற்று மின் தனக்குரியதல்லாத முனைகளில் பாயும். தட்டு மாளலாம், அதிலுள்ள கடிதங்களும் படங்களும் அதனுடன் போகலாம்.

மின்னூட்டல் ஒருபுறமிருக்க, குறிப்பலையின் அழுத்தமும் நோக்கத்தக்கது. பழைய கணினி 5 வோல்ற்றில் பேசும். பிற்காலச் சாதனங்கள் பல 3.3 வோல்ற்றில் பேசும். புதியது சொல்வது பழையதற்குப் பெரும்பாலும் விளங்கும். அக்காலச் சில்லுகள் பல 2 வோல்ற்றுக்கு மேற்பட்டதை 'ஒன்று' எனவே கொள்ளும். பழையது உரத்துப் பேசுவதைத்தான் புதியது எப்போதும் தாங்காது. தாங்குமா என்பதை விவரத்தாளில் பார்த்த பின்னரே செருகுதல் தகும்.

1.8 அங்குலத் தட்டுகளுள் 3.3 வோல்ற்று மின்னூட்டலை மட்டுமே ஏற்பனவும் உண்டு. வன்னியில் இருவாயி நின்ற இடத்தில், இங்கே அழுத்தம் குறைக்கும் சிறு பலகை ஒன்று நிற்றல் வேண்டும். கொம்பக்ற் பிளாஷ் அட்டைக்கு அத்தொல்லை இல்லை. அது 3.3, 5 வோல்ற்று இரண்டிலும் இயங்கும். அமிகா வைத்திருப்போர் பலர் அதனை நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.