பிள்ளையின் நெற்றியில் ஒரு சிலுவை
(வானொலி மறையுரை)



இரவு ஒன்பது மணி. அடுப்படியில் பாத்திரம் கிடக்கிறது. நாளைக்குப் போட வேண்டிய சீருடை இன்னும் தேய்க்கவில்லை. சின்னவன் வீட்டுப்பாடத்தை முடிக்கவில்லை. பெரியவள் செல்போனைக் கீழே வைக்கவில்லை. அப்பா இப்போதுதான் வேலை முடிந்து வந்து உட்காருகிறார். "செபம் சொல்லணும், எல்லாரும் வாங்க" என்று அம்மா கூப்பிடுகிற குரலிலேயே பாதிக் கோபம் இருக்கிறது. நம்மில் பலருடைய வீட்டில் இன்று இரவும் இப்படித்தான் இருக்கப்போகிறது.

நம் தாத்தா பாட்டி காலத்தில் கோவில் மணி அடித்ததும் விளக்கேற்றி, பாய் விரித்து, குடும்பமாக அமர்ந்து செபமாலை சொன்னார்கள். அதை நினைக்கும்போது, 'நம்மால் அப்படி முடியவில்லையே' என்று மனம் உறுத்துகிறது. செபமும் நாம் செய்து முடிக்காத வேலைகளில் ஒன்றாகிவிடுகிறது. அன்பானவர்களே, மாலைச் செபம் நம் சுமைக்கு மேல் ஏற்றப்படும் இன்னொரு சுமையல்ல. நாள் முழுவதும் சுமந்ததை இறக்கி வைக்கும் இடம் அது.

மாற்கு நற்செய்தி 4ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். நாளெல்லாம் கடலோரத்தில் மக்களுக்குப் போதித்த இயேசு, மாலையானதும் படகில் ஏறுகிறார். அலை அடிக்கிறது, படகில் தண்ணீர் நிரம்புகிறது. அவரோ பின்புறத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். களைப்பு பாவமல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? நம் ஆண்டவருக்கும் உடம்பு வலித்தது, கண் சொருகியது. தந்தையின் கையில் தம்மை ஒப்படைத்திருந்ததால்தான் அந்தப் புயலிலும் அவரால் தூங்க முடிந்தது.

குழந்தை இயேசுவின் புனித தெரேசா, பிரான்சு நாட்டின் லிசியே கார்மேல் மடத்தில் வாழ்ந்தவர். செப நேரத்தில் தாம் தூங்கிவிடுவதை அவர் மறைக்கவில்லை. ஏழு ஆண்டுகளாக அப்படித்தான் நடக்கிறது என்று தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆனால், அதற்காக அவர் மனம் உடைந்துவிடவில்லை. பிள்ளை விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றோருக்குப் பிள்ளைதானே என்று எண்ணி ஆறுதல் அடைந்தார். அப்படிப்பட்டவரை 1997இல் திருஅவை தன் மறைவல்லுநர்களில் ஒருவராக அறிவித்தது.

ஆகவே, இன்று இரவு பத்தே நிமிடம் ஒதுக்குவோம்.

முதலில், செல்போன்களை ஓரிடத்தில் வைத்துவிட்டு, தொலைக்காட்சியை நிறுத்துவோம். திருவுருவப் படத்தின் முன் ஒரு விளக்கு போதும். சிலுவை அடையாளம் போட்டு, சற்று நேரம் பேசாமல் இருப்போம். மூச்சு ஒரு நிலைக்கு வரட்டும்.

இரண்டாவது, நன்றி. இன்று கடவுள் தந்த ஒரே ஒரு நன்மையை ஒவ்வொருவரும் சொல்லட்டும். "பஸ்ல உட்கார இடம் கிடைச்சுது" என்பதும் நன்றிதான். "மதியம் முட்டை வச்சிருந்தீங்க" என்று பிள்ளை சொன்னால், அதிகாலையில் எழுந்து சமைத்த தாயின் களைப்பில் பாதி அங்கேயே போய்விடும்.

மூன்றாவது, மன்னிப்பு. இதுதான் கடினம். வீடு சந்திக்கச் சென்றபோது ஒரு தாய் எங்களிடம் கண்ணீரோடு சொன்னார்: "சாமி, பகலெல்லாம் அவனைத் திட்டிக்கிட்டே இருக்கேன். அவன் தூங்கினதுக்கு அப்புறம்தான் அவன் முகத்தையே பார்க்கிறேன். நேத்து கன்னத்துல என் விரல் தடம் இருந்துச்சு. பக்கத்துல உட்கார்ந்து அழுதேன்." நாங்கள் அவருக்குச் சொன்னது இதுதான்: "தூங்குகிற பிள்ளையிடம் அழுதது போதும் அம்மா. நாளைக்கு அவன் விழித்திருக்கும்போது மன்னிப்புக் கேளுங்கள்." ஒரு வாரம் கழித்துக் கோவிலில் பார்த்தபோது அவரே வந்து சொன்னார்: "கேட்டேன் சாமி. 'பரவாயில்லம்மா, நானும் பென்சில் பாக்ஸைத் தொலைச்சிட்டு பொய் சொன்னேன்'னு அவனும் சொல்லிட்டான்."

பாருங்கள், தாய் தாழ்ந்துபோகவில்லை. அந்த வீட்டில் உண்மை பேசத் துணிவு பிறந்தது. பொழுது சாயும்வரை கோபத்தை நீட்டிக்க வேண்டாம் என்று பவுலடியார் எபேசியருக்கு எழுதியது கணவன் மனைவிக்கும் பொருந்தும், பெற்றோர் பிள்ளைகளுக்கும் பொருந்தும். பெற்றோரிடம் மன்னிப்பைப் பார்த்த பிள்ளைக்குத்தான் ஒப்புரவு அருளடையாளம் என்ன என்று பிற்காலத்தில் புரியும்.

நான்காவது, ஒப்படைப்பு. திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு மணிலாவில் குடும்பங்களைச் சந்தித்தபோது, தம் மேசையில் தூங்கும் புனித யோசேப்பின் சுருபம் ஒன்று இருப்பதாகச் சொன்னார். ஒரு பிரச்சினை வந்தால் அதை ஒரு தாளில் எழுதி அந்தச் சுருபத்தின் அடியில் வைத்துவிடுவாராம். நாமும் அப்படிச் செய்யலாம். கட்ட வேண்டிய கடன், வராத மருத்துவ அறிக்கை, வேலை கிடைக்காத மகன்... எதுவானாலும் எழுதி விவிலியத்துக்குள் வைப்போம். கவலை காலையிலும் இருக்கலாம்; ஆனால் இரவு முழுவதும் அதை நாம் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. பிறகு ஒரு பத்து மணி செபமாலை. முடிந்த நாளில் ஐம்பத்து மூன்று மணியும் சொல்வோம்.

கடைசியாக, ஆசி. செபம் முடிந்ததும் பிள்ளைகள் தோத்திரம் சொல்ல, பெரியவர்கள் நெற்றியில் சிலுவை வரைவது நம் பழைய வழக்கம். அதை விட்டுவிட வேண்டாம். ஆசி வழங்க குருப்பட்டம்தான் வேண்டும் என்பதில்லை; திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரும் ஆசியாக இருக்கவும் ஆசி கூறவும் அழைக்கப்பட்டவர் என்று திருஅவையின் மறைக்கல்வி சொல்கிறது. பகலில் அடித்த கையும் இரவில் ஆசி வழங்கலாம். தந்தை வெளிநாட்டில் இருக்கிறாரா? தொலைபேசியில் அவர் ஆசி சொல்லட்டும், தாய் சிலுவை வரையட்டும். இரவுப் பணிக்குப் போகிறவர் என்றால், புறப்படும்முன் வரைந்துவிட்டுப் போகட்டும்.

1962 அக்டோபர் 11. இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்கிய நாள். இரவில் புனித பேதுரு சதுக்கத்தில் தீப்பந்தங்களோடு மக்கள் திரண்டிருந்தார்கள். திருத்தந்தை 23ஆம் யோவான் சன்னலில் தோன்றி, வானத்து நிலாவைக் காட்டிப் பேசினார். அவருக்கு அப்போது வயது எண்பது. அன்று மிக நீண்ட நாள். பெரிய இறையியல் எதையும் அவர் அப்போது சொல்லவில்லை. வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளைகளைத் தடவிக்கொடுங்கள், இது திருத்தந்தையின் அன்பு என்று சொல்லுங்கள் என்றார். களைத்துப்போன ஒரு தந்தையின் ஆசி அது.

அன்பார்ந்தவர்களே, இன்று இரவு பாத்திரம் சற்று நேரம் கிடக்கட்டும். நம் பிள்ளைகள் கோபத்தோடு தூங்க வேண்டாம். நாமும் அப்படித் தூங்க வேண்டாம்.

செபிப்போம்: படகில் களைத்துத் தூங்கிய ஆண்டவரே, எங்கள் களைப்பை நீர் அறிவீர். இன்று நாங்கள் சொன்ன கடுஞ்சொற்களை மன்னியும். செய்து முடிக்காதவற்றை உம் கையில் வைக்கிறோம். எங்கள் பிள்ளைகளைக் காத்து, எங்களுக்கு அமைதியான இரவைத் தந்தருளும். ஆமென்.