நம் கதையை எழுதும்போது...

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பழைய நினைவுகளைப் பத்தி ஏதாச்சும் பேசுங்க" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். பழைய நினைவு என்றால் ஹாஸ்டல் சாம்பார், அட்டெண்டன்ஸுக்கு மாற்றிக் குரல் கொடுத்தது என்று சிரிக்கச் சிரிக்கப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேலாக நெஞ்சில் கிடக்கிற விஷயம் ஒன்று உண்டு. அதை இந்த மேடையில்தான் சொல்ல வேண்டும். ஏனென்றால் அது தொடங்கியது நம் கல்லூரி ஆண்டு மலரில்.

1988ஆம் வருஷம். நான் இரண்டாம் ஆண்டு மாணவன். சோமனூர்ப் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் நாலு விசைத்தறி. பாவும் நூலும் ஜவுளிக்காரர் கொடுப்பார், நாங்கள் கூலிக்கு நெய்து கொடுப்போம். கூலி நின்றால் கடன்தான். மலருக்குக் கட்டுரைப் போட்டி என்று அறிவித்ததும், 'எங்க ஊட்டுத் தறிச் சத்தம்' என்று தலைப்புக் கொடுத்து எழுதினேன். அப்பா வட்டிக்கு வாங்கிய கடன், அம்மா எங்களுக்குப் போட்டுவிட்டு வெறும் நீராகாரம் குடித்துப் படுத்த இரவுகள், என் ஹாஸ்டல் பணத்துக்காக அக்காவின் ஐந்து பவுன் நகை அடமானத்தில் இருப்பது, எதையும் விடவில்லை. முதல் பரிசு கிடைத்தது. "உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கே" என்று தமிழ் ஐயா தோளில் தட்டினார். அன்று நான் தரையில் நடக்கவில்லை.

அதே சமயத்தில் அக்காவுக்கு ஒரு வரன் கைகூடி வந்திருந்தது. நகையெல்லாம் வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் அப்பா சொல்லியிருந்தார். கல்யாணத்துக்குள் எப்படியும் மீட்டுவிடலாம் என்பது அவர் கணக்கு. அந்த வீட்டுக்குச் சொந்தக்காரப் பெண் ஒருத்தி இங்கே படித்துக்கொண்டிருந்தாள். மலர் அவள் கையோடு போய்ச் சேர்ந்தது. ஒரே வாரத்தில் தரகர் வந்தார். "நகை கெடக்குதுங்க. பேச்சு சுத்தமா இருக்கோணுமில்லீங்களா?" என்றார். சம்பந்தம் அதோடு முடிந்தது.

அப்பா என்னைத் திட்டவில்லை. மூன்று நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அக்காதான் நான்காம் நாள் ராத்திரி, தறி நின்ற பிறகு பேசினாள். "நீ எழுதுனது பூராவும் நெசந்தான் கண்ணு. ஆனா அது என்ற நெசம். எழுதறதுக்கு முன்னால என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்ல?"

அப்பா சொன்னது பொய்தானே, உண்மை வெளியே வந்தது நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் பல வருஷம் அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்பா செய்தது சரியில்லை. ஆனால் அதை அப்பாவிடம், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை. முகம் தெரியாத நூறு பேருக்கு எழுதுவதற்குத் தைரியம் இருந்தது.

இன்னொன்று, இதைவிடக் கசப்பானது. அந்தக் கட்டுரையில் நான் எழுதாமல் விட்ட வரி ஒன்று உண்டு. வீட்டிலிருந்து வந்த மெஸ் பணத்தில் இரண்டு மாதம் ராயல் தியேட்டரிலும் கே.ஜி. தியேட்டரிலும் படம் பார்த்தேன். அன்னபூர்ணாவில் நண்பர்களுக்கு காபியும் சாம்பார் வடையும் வாங்கிக் கொடுத்துப் பெரிய மனுஷன் ஆனேன். "கட்டணத்தை ஏத்திட்டாங்கப்பா" என்று ஊரில் சொன்னேன். நகை அடமானத்துக்குப் போனதே அதற்கப்புறம்தான். அப்பாவின் பொய்யையும் அக்காவின் நகையையும் அச்சில் ஏற்றியவன், என் பொய்யை மட்டும் பத்திரமாகப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அந்தக் கட்டுரைக்குத்தான் 'நேர்மை' என்று பரிசு!

தம்பி தங்கைகளே, அன்றைக்கு ஆண்டு மலர் வருஷத்துக்கு ஒன்று. நாலு வருஷத்தில் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். இன்று உங்கள் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஓர் ஆண்டு மலர் இருக்கிறது. அம்மா அப்பா சண்டையை, தோழியின் கண்ணீரை, அறை நண்பனின் நோயை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மனசு கனத்துப்போய் எழுதிப் போடுகிறீர்கள். காலையில் அழித்தாலும், யாரோ ஒருவர் அதைப் படம் பிடித்து வைத்திருப்பார்.

மனம் திறந்து எழுதுவதற்கு நம் நாட்டில் எல்லோரும் காட்டும் நூல் காந்தியின் 'சத்திய சோதனை'. 1925 முதல் 1929 வரை 'நவஜீவன்' இதழில் வாரா வாரம் வந்தது. அதில் ஒரு சம்பவம். பதினைந்து வயதில், அண்ணனுக்கு இருந்த இருபத்தைந்து ரூபாய்க் கடனை அடைக்க, அந்த அண்ணனின் தங்கக் காப்பிலிருந்தே ஒரு துண்டை வெட்டி எடுத்துவிடுகிறார். மனசு கேட்கவில்லை. அதைக் கடிதமாக எழுதி, நோயில் படுத்திருந்த அப்பாவின் கையில் கொடுக்கிறார். அப்பா எழுந்து உட்கார்ந்து படிக்கிறார். கண்ணீர் வழிந்து தாள் நனைகிறது. பிறகு கடிதத்தைக் கிழித்துப் போடுகிறார். முதலில் யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்லியாயிற்று. ஊருக்குச் சொன்னது நாற்பது வருஷம் கழித்து. எல்லாம் சொன்ன அந்த மனிதரே, தனக்கும் தன்னைப் படைத்தவனுக்கும் மட்டும் தெரிந்த சில விஷயங்களைச் சொல்ல முடியாது என்று முன்னுரையிலேயே ஒப்புக்கொள்கிறார்.

சட்டமும் இந்த இடத்துக்கு வந்திருக்கிறது. அதுவும் நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில். ஆட்டோ சங்கர் சிறையில் இருந்தபோது எழுதிய சுயசரிதையை வெளியிட 'நக்கீரன்' முன்வந்தது. அதில் அதிகாரிகளின் பெயர்கள் அடிபட்டதால் சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதிகாரிகள் பதவியில் இருந்து செய்ததை எழுதுவதை முன்கூட்டியே தடுக்க அரசுக்கு உரிமை இல்லை. பொது ஆவணத்தில் உள்ளதையும் எழுதலாம். ஆனால் தனிமனிதரின் குடும்பம், திருமணம், தாய்மை போன்றவற்றை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது, அது உண்மையாகவே இருந்தாலும்! அதைப் படித்த அன்று எனக்கு அக்காவின் குரல்தான் கேட்டது. ஆறு வருஷம் முந்தியே, எட்டாவதுகூட முடிக்காத அக்கா அதைச் சொல்லிவிட்டாள்.

அப்படியென்றால் வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்கிறேனா? இல்லீங்க. நம் கொங்கு மண்ணிலேயே அதற்கும் ஒரு பாடம் இருக்கிறது. பெருமாள்முருகன் திருச்செங்கோட்டைக் களமாக வைத்து எழுதிய 'மாதொருபாகன்' 2010இல் வந்தது. அது நாவல், சுயசரிதை அல்ல. 2014 டிசம்பரில் எதிர்ப்புக் கிளம்பி, 2015 ஜனவரியில் நாமக்கல்லில் பேச்சுவார்த்தை நடந்து, இனி எழுதுவதில்லை என்று அவர் முகநூலில் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் மீண்டும் எழுத வேண்டும் என்றது. எழுதவும் வந்தார். ஊர் கூடி ஒருவன் வாயை அடைப்பது வேறு. நானாக என் பேனாவை ஒரு நிமிஷம் நிறுத்தி, இதில் யாருக்கு வலிக்கும் என்று யோசிப்பது வேறு. முதலாவதற்குப் பணிய வேண்டாம். இரண்டாவதை விட்டுவிடவும் வேண்டாம்.

என் அனுபவத்தில் கண்ட வழி ஒன்றே ஒன்று. எழுதி முடித்ததும், இதற்கு விலை கொடுக்கப்போவது யார் என்று பாருங்கள். நான்தான் என்றால் தாராளமாக வெளியிடலாம். வேறொருவர் என்றால், முதலில் அவரிடம் போய்க் கேளுங்கள். எழுதியதில் எல்லோருடைய குறையும் இருந்து உங்கள் குறை மட்டும் இல்லையென்றால், அது இன்னும் உண்மை ஆகவில்லை. திரும்ப எழுதுங்கள்.

அக்காவுக்கு மூன்று வருஷம் கழித்துக் கல்யாணம் ஆனது. இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், "மேடையில இதைச் சொல்லட்டுமாக்கா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "சொல்லு சாமி. ஆனா நீ சினிமாப் பாத்ததையும் சேர்த்துச் சொல்லோணும்."

சொல்லிவிட்டேன்.